மொட்டை மாடியில் கப்பல் ஆன்டெனா: ஆப்பிலேயே தெரியுதே, அப்புறம் எதுக்கு?

ஜனவரி 11 – கேள்வி

அண்ணாச்சி, நமக்கு தூத்துக்குடி, முத்தையாபுரம். போன்ல கப்பல் ஆப் வச்சிருக்கேன். எந்தக் கப்பல் எங்க நிக்கு, எங்க போகுதுன்னு சும்மாவே காட்டுது. அப்படியிருக்க வீட்ல தனியா ரிசீவர் வச்சு நெட்ல ஏத்துறது வெட்டி வேலையாத்தான் தெரியுது. தப்பா நினைக்காதீய. எவ்வளவு செலவாகும்னும் சொல்லிருங்க.

ஜனவரி 11, இரவு

வெட்டி வேலைதான் தம்பி, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஆப் சும்மா காட்டவில்லை. உன் போனில் நகரும் ஒவ்வொரு கப்பலையும் யாரோ ஒருவர் வீட்டு மாடியிலோ கல்லூரிக் கட்டடத்திலோ ஆன்டெனா வைத்துப் பிடித்து அனுப்பியிருக்கிறார். அப்படி யாரும் இல்லாத கரையோரத்தில் கப்பல் வரைபடத்திலிருந்து காணாமல் போகும். அடுத்த ஆன்டெனாவின் எல்லைக்குள் வந்ததும் மறுபடி முளைக்கும். செயற்கைக்கோள் இருக்கிறதே என்பாய். இருக்கிறது, பெரும்பாலும் காசு கட்டியவர்களுக்கு.

நான் திருவொற்றியூர். சென்னை, எண்ணூர் காமராஜர், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகமும் என் ஒரே ஆன்டெனாவில் விழுகிறது. செலவு: அலையைப் பிடிக்கும் டாங்கிள் என்ற யூஎஸ்பி குச்சி, பழைய ராஸ்பெர்ரி பை என்ற கையடக்கக் கம்ப்யூட்டர், கேபிள், பைப் எல்லாம் சேர்த்து ஒரு சுமாரான போன் விலைக்குள் முடிந்துவிடும்.

ஜனவரி 12

அடிப்படை தெரியாமல் சாமான் வாங்கப் போகாதே, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த ரிச்சி தெருவில் கையில் கிடைத்ததைக் கட்டிக் கொடுத்துவிடுவார்கள்.

ஏஐஎஸ் என்பது கப்பல் தானே போடும் கூப்பாடு. தன் ஜிபிஎஸ் இடம், வேகம், திசை, எம்எம்எஸ்ஐ என்ற ஒன்பது இலக்க அடையாள எண், இவற்றை 161.975, 162.025 மெகாஹெர்ட்ஸ் என்ற இரண்டு அலைவரிசைகளில் மாறி மாறிக் கத்திக்கொண்டே போகும். ஒன்றோடொன்று மோதாமல் இருக்க வந்த ஏற்பாடு இது. சர்வதேசப் பயணம் போகும் 300 டன்னுக்கு மேற்பட்ட கப்பல்களும் பயணிகள் கப்பல்களும் 2004 இறுதிக்குள் இதைப் பொருத்தியாக வேண்டும் என்றது கடலில் உயிர்ப் பாதுகாப்புக்கான சோலாஸ் என்ற சர்வதேச உடன்பாடு. போர்க்கப்பலுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அதனால் "நேவி கப்பல் ஏன் தெரியலை" என்று யாரும் கேட்க வேண்டாம்.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது அது முறை பிரிக்கும் விதம். ஒரு அலைவரிசையில் ஒரு நிமிடத்தை 2250 துண்டாக வெட்டியிருக்கிறார்கள். எந்தத் துண்டில் பேசுவது என்று சொல்ல மேஸ்திரி கிடையாது. அடுத்து எந்தத் துண்டில் பேசப் போகிறேன் என்பதைக் கப்பலே முன்கூட்டிச் சொல்லிவைக்கும், பக்கத்தில் இருப்பவை அதை விட்டுவிட்டு வேறு துண்டு பார்த்துக்கொள்ளும். ரேஷன் கடை வாசலில் கல் வைத்து இடம் பிடிக்கிற மாதிரி. செயற்கைக்கோள் திணறுவதும் இங்கேதான். கீழே ஒன்றையொன்று கேட்க முடியாத பல கூட்டங்கள் ஒரே துண்டைப் பிடித்திருக்கும், மேலேயிருந்து பார்த்தால் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்று விழும். நெரிசலான கரையோரத்தில் மாடி ஆன்டெனாவுக்கு மவுசு குறையாததற்குக் காரணம் இது.

ஜனவரி 19

சாமான் பட்டியல் கேட்டு நாலைந்து பேர். சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

ஆர்டிஎல் டாங்கிள். வெளிநாட்டில் டிவி பார்க்க வந்த யூஎஸ்பி குச்சி. அதன் சில்லு அலைகளை அப்படியே கம்ப்யூட்டருக்குக் கொட்டும் என்று 2012 வாக்கில் கண்டுபிடித்ததிலிருந்து ரேடியோ பைத்தியங்களுக்குப் பொற்காலம். வெப்பத்துக்கு அலைவரிசை நகராத படிகம் உள்ளதாகப் பார்த்து வாங்கு, சென்னை வெயிலில் மட்டமானது ஊர்ந்துகொண்டே போகும். மென்பொருளுக்கு ஏஐஎஸ்-கேச்சர் போதும், இலவசம், உள்ளேயே வரைபடமும் உண்டு.

ஆன்டெனாவைக் கடையில் வாங்காதே. 162 மெகாஹெர்ட்ஸில் அலைநீளம் 1.85 மீட்டர், அதில் கால்வாசி 46 செ.மீ., கம்பியின் தடிமனுக்குக் கொஞ்சம் குறைத்தால் 44. பித்தளை பிரேசிங் ராட் இரண்டை 44 செ.மீ.க்கு வெட்டி, ஒன்று மேலே ஒன்று கீழே நிற்க T வடிவ பிவிசி இணைப்பில் செருகி, கேபிளின் நடுக்கம்பியை மேல் ராடிலும் வலையைக் கீழ் ராடிலும் சால்டர் வைத்தால் டைபோல் தயார். செங்குத்தாக நிற்கட்டும், படுக்க வைக்காதே. கேபிள் ஆன்டெனாவை ஒட்டித் தொங்கக் கூடாது, ஒரு முழம் கிடையாகப் போய் அப்புறம் இறங்கட்டும்.

கேபிளைப் பற்றிச் சண்டை வரும் என்று தெரிந்தே சொல்கிறேன்: வீட்டில் கிடக்கும் டிடிஎச் ஆர்ஜி-6 போதும்.

ஜனவரி 20

சொன்னேனா, வந்துவிட்டது சண்டை. "75 ஓம் கேபிளை 50 ஓம் டாங்கிளில் மாட்டலாமா, அடிப்படையே தெரியாதா, ஆர்ஜி-58 போடும்" என்று ஒருவர். மாட்டலாம் சார். ஓம் அளவு பொருந்தாததால் அந்த இடத்தில் திரும்பிப் போகும் சக்தி நூற்றுக்கு 4 பங்கு. நீங்கள் சொல்லும் மெல்லிய ஆர்ஜி-58 இந்த அலைவரிசையில் 15 மீட்டருக்குள் பாதிக்குப் பாதி தின்றுவிடும். ஆர்ஜி-6 அதே தூரத்தில் கால்வாசிதான் தின்னும். தடித்த ஆர்ஜி-213 இன்னும் நல்லதுதான், வாங்கிக் கொடுங்கள், மாட்டிக்கொள்கிறேன்.

பிப்ரவரி 2

பக்கத்து வீட்டுக்காரர் மாடியேறி வந்தார். "டவர் வச்சு வாடகை வாங்குறியாப்பா? ரேடியேஷன் வருமே, வீட்ல சின்னப் பசங்க இருக்காங்க." இது அனுப்பாது மாமா, கேட்க மட்டும்தான் செய்யும் என்றால் நம்பவில்லை. கடைசியில் லேப்டாப்பில் அந்தமான் போகும் நான்கவ்ரி கப்பல் துறைமுகத்தை விட்டு வெளியேறுவதைக் காட்டினேன். அவர் மச்சான் போர்ட் பிளேரில் இருக்கிறாராம். இப்போது அந்தமான் கப்பல் எது வந்தாலும் எனக்கு முன்னால் அவருக்குத் தெரிய வேண்டும்.

அம்மா கேட்டது ஒன்றே ஒன்று: "இதுல சீரியல் வருமா?"

பிப்ரவரி 3

உரிமம் பற்றிக் கேட்ட நண்பருக்கு. அனுப்பும் கருவி, அதாவது ட்ரான்ஸ்பாண்டர், வீட்டில் வைக்கவே கூடாது, பேச்சே இல்லை. கேட்கும் கருவி என்றாலும் நம் நாட்டில் 1933ஆம் ஆண்டு வயர்லெஸ் சட்டம் கருவியைக் கையில் வைத்திருப்பதற்கே உரிமம் கேட்ட சட்டம். 2023இல் புதுத் தொலைத்தொடர்புச் சட்டம் வந்தது. என் திண்ணை வக்கீல் அறிவை நம்பி இறங்காதீர்கள். உங்கள் ஊர் ஹாம் (அமெச்சூர் ரேடியோ) சங்கத்தில் பழைய ஆட்கள் இருப்பார்கள், கேட்டுவிட்டு வையுங்கள். கடற்படைத் தளத்துக்கு ஒட்டின வீடென்றால் எனக்கு யோசனையாகத்தான் இருக்கும்.

பிப்ரவரி 23

உயரம் உயரம் என்று எல்லோரும் பேசுவதைக் கேட்டு ஒருவர் 40 அடி ஜிஐ பைப்பை மாடியில் நடப் போகிறாராம். நிறுத்துங்கள்.

கணக்கு இதுதான்: உன் ஆன்டெனாவின் உயரத்துக்கு மீட்டரில் வர்க்கமூலம், கப்பல் ஆன்டெனாவின் உயரத்துக்கு வர்க்கமூலம், இரண்டையும் கூட்டி 4.12ஆல் பெருக்கினால் கிலோமீட்டர் வரும். நீ 16 மீட்டரில், கப்பல் 25 மீட்டரில் என்றால் 37 கி.மீ. நீ 9 மீட்டரிலேயே இருந்திருந்தால் 33. ஏழு மீட்டர் ஏறியதற்குக் கூலி 4 கி.மீ.தான். காற்றில் பைப் எதிர்வீட்டு ஓட்டில் விழுந்தால் வரும் செலவை யோசித்துப் பார்.

அதற்காக உயரம் வேண்டாம் என்று அர்த்தமில்லை. கடலுக்கும் உனக்கும் நடுவே நிற்கும் தண்ணி டேங்க், அடுக்குமாடி, பனைமரத் தோப்பு, இதைத் தாண்டும் அளவுக்கு வேண்டும். தாண்டிய பிறகு ஒவ்வொரு அடியும் வீண் பெருமை. என் மாடியில் டேங்குக்குப் பின்னால் வைத்தபோது எண்ணூர் பக்கம் முழுக்க இருட்டு. டேங்குக்கு மேலே ஒரு கைப்பிடி உயர்த்தியதும் காட்டுப்பள்ளி நங்கூரக் கப்பல்கள் வரிசையாக வந்து நின்றன.

மார்ச் 9

இப்போது முக்கியமானது, யாருக்கு அனுப்புவது.

செய்முறை அரை மணி நேர வேலை. கப்பல் வரைபடத் தளத்தில் பதிவு செய்தால் ஒரு முகவரியும் போர்ட் எண்ணும் தருவார்கள், ஏஐஎஸ்-கேச்சரில் யூடிபி (அனுப்பும் முறையின் பெயர்) என்று போட்டு அதை எழுதினால் தானாகப் போகும். போவது ஆச்சரியக்குறியில் தொடங்கும் சின்னச் சின்ன வரிகள்தான், நிமிடத்துக்கு 500 வரி போனாலும் ஒரு நாளைக்கு 60 எம்பி தாண்டாது. போன் ஹாட்ஸ்பாட்டே தாங்கும்.

மரைன்டிராஃபிக் என்ற தளம் 2007இல் கிரேக்கத்தில் ஏஜியன் பல்கலைக்கழகத்து ஆள் ஒருவர் தொடங்கியது. உலகம் பூராவும் ஆர்வலர்கள் மாடியில் ஆன்டெனா வைத்து ஊட்டி வளர்த்தார்கள். 2023இல் சரக்கு வர்த்தகத் தகவல் விற்கும் கெப்ளர் நிறுவனம் அதை வாங்கிவிட்டது. நம் மாடித் தகவல் எண்ணெய் வியாபாரியின் திரையில் காசாகிறது, நமக்கு ஒரு இலவசச் சந்தா. ஏமாற்று என்று சொல்ல மாட்டேன், சொல்லித்தான் வாங்குகிறார்கள். ஆனாலும் முதல் முறை யோசித்தபோது வயிறு கொஞ்சம் எரிந்தது. ஏஐஎஸ்ஹப் வேறு மாதிரி: நீ கொடுத்தால் மற்றவர்கள் கொடுத்ததை நீயும் எடுத்துக்கொள்ளலாம். பண்டமாற்று. ஒரே நேரத்தில் பல இடத்துக்கும் அனுப்பலாம், யாரும் பத்தினித்தனம் கேட்பதில்லை.

எங்கே அனுப்பினாலும் சரி, ஒரு நகல் உன் கம்ப்யூட்டர் வட்டில் இருக்கட்டும்.

மார்ச் 10

விட்டுப்போனது: பதிவு செய்யும்போது நிலையத்தின் இடம் கேட்கும், அது உலக வரைபடத்தில் எல்லோருக்கும் தெரியும். வீட்டு வாசலைத் துல்லியமாகக் கொடுக்காதே. பக்கத்துச் சந்திப்பையோ பள்ளிக்கூடத்தையோ கொடு, கப்பலின் இடத்தை இது பாதிக்காது. நிலையத்துக்குப் பெயர் வைக்கும்போதும் உன் பெயர், இனிஷியல் வேண்டாம்.

மார்ச் 16

"இப்படிக் கப்பல் இருக்கும் இடத்தை ஊருக்கே போட்டுக் கொடுப்பது பாதுகாப்பா?" நியாயமான கேள்வி. சர்வதேசக் கடல்சார் அமைப்பின் பாதுகாப்புக் குழு 2004 டிசம்பரிலேயே, ஏஐஎஸ் தகவலை இணையத்தில் வெளியிடுவது கப்பலுக்கு ஆபத்து என்று கண்டித்திருக்கிறது. யாரும் கேட்கவில்லை. இன்று செங்கடல் தாண்டும் கப்பல்கள் போகும் ஊர் எழுத வேண்டிய இடத்தில் "ஆயுதக் காவல் உண்டு" என்று எழுதிக்கொண்டு போகின்றன. தாக்குபவனும் இதே வரைபடத்தைப் பார்க்கிறான் என்று அவர்களுக்குத் தெரியும். நான் இங்கே கண்ணுக்கே தெரிகிற துறைமுகத்தைப் பகிர்கிறேன் என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறேன். ஏமன் கரையில் என் வீடு இருந்திருந்தால் இவ்வளவு சுலபமாகச் சொல்வேனா தெரியாது.

போகும் ஊர் என்ற அந்த இடம் தனிக் கூத்து. இருபது எழுத்துதான், கப்பலில் யாராவது கையால் தட்டுவது. கிளம்பி நாளாகியும் பழைய ஊரே இருக்கும். சிங்கப்பூர் என்று எழுதிவிட்டு எண்ணூரில் நிலக்கரி இறக்கிக்கொண்டிருக்கும். எண்ணை நம்பு, எழுத்தை நம்பாதே. எம்எம்எஸ்ஐயின் முதல் மூன்று இலக்கம் கொடி நாட்டைச் சொல்லும்: 419 இந்தியா, 417 இலங்கை, 538 மார்ஷல் தீவுகள், 636 லைபீரியா. மார்ஷல் தீவுகள் எவ்வளவு பெரிய வல்லரசு என்று இங்கே உட்கார்ந்தால்தான் புரியும்.

ஏப்ரல் 20

15ஆம் தேதியிலிருந்து மீன்பிடித் தடைக்காலம், ஜூன் 14 வரை. காசிமேட்டில் விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கிறது. என் வரைபடத்தில் பெரிதாக மாற்றம் ஒன்றுமில்லை. ஒரு நிமிடம் யோசி, இது சரியில்லாத சங்கதி.

மற்ற மாதங்களில் விடியற்காலை மாடியில் நின்றால் பைபர் படகுகளின் விளக்கு வரிசை கண்ணுக்குத் தெரியும். லேப்டாப்பில் அதே இடம் வெறும் நீலம். பைபர் படகில் ஏஐஎஸ் கிடையாது. மீனவர்களுக்கு அரசு கொடுக்கும் ட்ரான்ஸ்பாண்டர் செயற்கைக்கோள் வழியாகப் போவது, என் ஆன்டெனாவுக்குக் கேட்காது. எப்போதாவது ஒரு விசைப்படகு 2 வாட் கருவியோடு மினுக்கென்று வரும், அதுவும் அரை நிமிடத்துக்கு ஒரு தரம்தான் பேசும். பெரிய கப்பல் 12.5 வாட்டில், ஓட்டத்தில் இருந்தால் 10 நொடிக்கு ஒரு தரமாவது கத்தும்.

ஆக இந்த வரைபடம் கடலைக் காட்டவில்லை, கருவி வாங்க வசதியும் கட்டாயமும் உள்ளவர்களைக் காட்டுகிறது. ஆப்பைப் பார்த்துவிட்டு "கடல் காலியா இருக்கு" என்று சொல்லும் ஆளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். கப்பலை ஓட்டும் அறையில் நின்று திரையை மட்டும் பார்க்கும் அதிகாரியும் அதே தப்பைச் செய்தால் வலை மட்டுமா போகும்?

மே 11

நேற்று ராத்திரி படுக்கப் போகும் முன் பார்த்தால் நிமிடத்துக்கு வரும் செய்தி பல மடங்கு எகிறியிருக்கிறது. விசாகப்பட்டினத்து நங்கூரக் கப்பல்கள் என் மாடியில்!

மே 12

"37 கி.மீ. என்று நீரே கணக்குப் போட்டீர், இப்போது விசாகப்பட்டினம் என்கிறீர், அடிச்சு விடாதீர்." அடித்து விடவில்லை ஐயா. கோடையில் நிலத்திலிருந்து வரும் சூடான வறண்ட காற்று குளிர்ந்த ஈரக் காற்றின் மேல் மூடியாகப் படுத்துக்கொள்ளும். அலை வானத்துக்குத் தப்பாமல் அந்த இடுக்குக்குள்ளேயே கடலை ஒட்டி வளைந்து வரும். வங்காள விரிகுடாவில் இது பேர்போனது. ஜிபிஎஸ் கெட்ட கப்பல் தப்பான இடம் சொல்வதும் உண்டு என்பதால் நானும் முதலில் சந்தேகப்பட்டேன். இரண்டு சோதனை: ஒரு கப்பல் மட்டும் வந்ததா, கூட்டமாக வந்ததா? கரையில் நிலையாக நிற்கும் நிலையத்தின் குரலும் வந்ததா? நம் நாட்டுக் கரை நிலையங்களின் எண் 00419 என்று தொடங்கும். மும்பைத் தாக்குதலுக்குப் பிறகு கலங்கரை விளக்கங்களில் வரிசையாக வைத்தார்கள். வடக்கே இருக்கும் அந்த மாதிரி நிலையமும் என் பதிவில் இருக்கிறது. கலங்கரை விளக்கம் நகர்ந்து வந்து என்னை ஏமாற்றாது.

முத்தையாபுரம் தம்பி, உனக்கு இந்த மாதிரி இரவில் கொழும்பு விழும் பார்.

மே 25

ராஸ்பெர்ரி பையை மாடியில் டப்பாவுக்குள் வைக்கலாமா என்று கேட்டவருக்கு: மே மாதத்திலா? 80 டிகிரி தாண்டினால் அது தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். மாடிப்படி ரூமுக்குள் வை.

ஜூலை 6

2017 ஜனவரி 28 பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். எண்ணூருக்கு வெளியே விடியற்காலை 4 மணி வாக்கில் பிடபிள்யூ மேப்பிள், டான் காஞ்சிபுரம் என்ற இரண்டு கப்பல்களும் மோதின. ஒன்று எரிவாயு இறக்கிவிட்டு வெளியே போனது, மற்றது உள்ளே வந்த டேங்கர். இரண்டிலும் ஏஐஎஸ் இருந்தது. ஒன்றின் இடம் மற்றதன் திரையில் வந்துகொண்டுதான் இருந்திருக்கும். கருவி சொல்லும், திரும்பாது. திருப்ப வேண்டியது ஆள்.

அடுத்த நாட்களில் மோதலில் கசிந்த எண்ணெய் எங்கள் கரையில் கறுப்புக் கூழாக ஒதுங்கியது. பாறை இடுக்கில் இறங்கி ஆட்கள் பிளாஸ்டிக் வாளியில் மொண்டு கை மாற்றி மேலே கொடுத்தார்கள், இழுக்கும் பம்பு அந்தக் கெட்டிக்கு வேலை செய்யவில்லை. வாளியைத் தூக்கினால் எண்ணெய் நூல் நூலாக இழுபடும். முழங்கை வரை ஏறினது மண்ணெண்ணெய் போட்டாலும் லேசில் போகாது. அன்றைக்கு என்னிடம் ரிசீவர் இல்லை. இருந்திருந்தால் மோதலைத் தடுத்திருக்காது, எந்த நிமிடம் எந்தக் கப்பல் எங்கே என்ற கணக்காவது தெருவில் ஒருவன் கையில் இருந்திருக்கும். மார்ச்சில் நகல் வைத்துக்கொள் என்று சொன்னது இதற்குத்தான்.

அக்டோபர் 19

வடகிழக்குப் பருவமழை. கேபிளைக் கழற்றி வை என்று சொன்னால் "புயலில்தானே சுவாரசியம்" என்கிறார் ஒருவர். இடி விழுந்தால் டாங்கிள் மட்டும் போகாது, அதோடு கட்டியிருக்கும் ரௌட்டர், டிவி எல்லாம் போகும். பைப்புக்குத் தடித்த எர்த் கம்பி, இடி நேரத்தில் கேபிள் வெளியே. நிலையம் சில மணி நேரம் அணைந்தால் தளத்தில் உன் மதிப்பெண் குறையும், குறையட்டும்.

சுவாரசியம் இல்லை என்று சொல்லவில்லை. எச்சரிக்கைக் கூண்டு எண் ஏற ஏறத் துறைமுகத்திலிருந்து கப்பல்களை ஆழ்கடலுக்கு அனுப்புவார்கள், உள்ளே கட்டிக் கிடந்தால் சுவரில் மோதும் என்று. வரைபடத்தில் நங்கூரக் கூட்டம் கலைந்து கிழக்கே போவது அப்படியே தெரியும். 2012 அக்டோபர் 31, நீலம் புயலில் போகாமல் நின்ற பிரதீபா காவேரி நங்கூரம் இழுபட்டு பெசன்ட் நகர் கடற்கரையில் தரை தட்டியது. உயிர்காப்புப் படகு கவிழ்ந்து பணியாளர்கள் இறந்தார்கள். அதை நினைத்துத்தான் இப்போது காற்றடிக்கும் நாளில் நான் பார்ப்பது ஒன்றுதான்: நங்கூரக் கப்பல் 3 நிமிடத்துக்கு ஒரு தரம் பேச வேண்டும். திடீரென்று 10 நொடிக்கு ஒரு தரம் பேசத் தொடங்கினால் அது நகர்கிறது, நங்கூரம் பிடிக்கவில்லையா என்று கவனி.

நவம்பர் 2 – கேள்வி கேட்ட தம்பி

அண்ணாச்சி, வச்சாச்சு. டைபோல் நானே வெட்டினேன். துறைமுகம் முழுக்க விழுது, மாலத்தீவு போற தோணி மட்டும் தெரியலை. ஒரு பிரச்சினை: சாயங்காலம் 6 மணிக்கு மேல பாதி கப்பல் காணாமப் போகுது, காலைல திரும்ப வருது. டாங்கிள் போச்சா?

நவம்பர் 2

டாங்கிள் நல்லாத்தான் இருக்கும். ஆறு மணிக்கு வீட்டில் என்ன எரிகிறது? மட்டமான எல்இடி பல்பின் உள்ளே மின்சாரத்தை மாற்றிக் கொடுக்கும் டிரைவர் என்ற சுற்று இந்த அலைவரிசையில் இரைச்சல் போடும். மெயினை அணைத்துவிட்டு ராஸ்பெர்ரி பையை பவர் பேங்கில் ஓட்டிப் பார். கப்பல் திரும்பி வந்தால் ஒவ்வொரு பல்பாகப் போட்டுக் குற்றவாளியைப் பிடி. முதலில் மாடிப்படி விளக்கைப் பார், கேபிள் அதை ஒட்டித்தான் இறங்கும். உன் வீட்டில் இல்லையென்றால் தெரு விளக்கு, அதற்கு நான் ஒன்றும் செய்ய முடியாது.

நவம்பர் 4 – தம்பி

பூஜை ரூம் சீரியல் செட்டு. அம்மாகிட்ட நீங்களே பேசுங்க.